கீழக்கரை பைண்டிங் கடை: பழைய தோல் கட்டுப் புத்தகம் வைத்திருப்பவர்களுக்கு

மண்டபத்தில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். கடையின் பின்னறையில், மருந்துப் பெட்டிகளுக்கு நடுவே, கண்ணாடிக் கதவு போட்ட தேக்கு அலமாரி ஒன்று இருக்கிறது. அதில் 31 புத்தகங்கள். எல்லாம் தத்துவம், எல்லாம் பழைய தோல் கட்டு. மதுரையில் பி.ஃபார்ம் படித்தபோது புதுமண்டபத்துப் புத்தகக் கடைகளில் தொடங்கிய ஆசை. 24 வருடமாகச் சேர்க்கிறேன்.

இந்தக் கரையில் தோல் புத்தகம் வைத்துக் காப்பாற்றுவது எவ்வளவு கஷ்டம் என்பது இங்கே இருப்பவர்களுக்குத்தான் தெரியும். எங்கள் ஊருக்கு வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. எந்த மாதமானாலும் ஏதாவது ஒரு பக்கத்திலிருந்து உப்புக் காற்று வந்துகொண்டே இருக்கும். சாப்பாட்டு உப்பு காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானாகவே நீர் இழுத்துக் கசியும். கடல் உப்பில் மெக்னீசியம் குளோரைடும் கலந்திருப்பதால் அதைவிடக் குறைந்த ஈரத்திலேயே கசியத் தொடங்கும். அந்த உப்பு புத்தக அட்டையில் படிந்துவிட்டால் ஐப்பசி, கார்த்திகையில் தோல் பிசுபிசுக்கும், பங்குனி வெயிலில் காய்ந்து விறைக்கும். ஈரமும் காய்ச்சலும் இப்படி மாறி மாறி வருவதில் முதலில் போவது அட்டையும் முதுகும் சேரும் கீல். அங்கே வெடித்தால் அட்டை தனியாகக் கையில் வந்துவிடும்.

அப்படி அட்டை கழன்ற புத்தகங்களை எங்கே கொடுப்பது என்பதுதான் எனக்குப் பல வருடமாகத் தீராத பிரச்சினை. ஒரு தடவை ஞானவாசிட்டத்தின் பழைய உரைப் பதிப்பு ஒன்றை வேறோர் ஊரில் ஒரு பைண்டரிடம் கொடுத்தேன். முதுகும் மூலைகளும் தோல், நடுவில் மார்பிள் காகிதம் ஒட்டிய அரைத்தோல் கட்டு. பத்து நாளில் திருப்பிக் கொடுத்தார். பளபளவென்று சிவப்பு ரெக்சின் அட்டை. பழைய தோலைத் தூக்கி எறிந்துவிட்டார். முகப்புக்கு முந்திய தாளில் முதல் உடைமைக்காரர் மசியில் எழுதி வைத்திருந்த பெயரும் ஊரும் அதோடு போயிற்று. ஓரங்களை நேராக்குகிறேன் என்று கட்டிங் மெஷினில் மூன்று பக்கமும் வெட்டியிருந்தார். யாரோ ஒருவர் நூறு வருடத்துக்கு முன்னால் ஓரத்தில் பென்சிலால் எழுதிய குறிப்புகள் பாதி எழுத்தோடு நின்றன. வீட்டுக்கு வந்து அதைப் பார்த்து அழுதேன். அதற்குப் பிறகு ஏழு வருடம் எந்தப் புத்தகத்தையும் யாரிடமும் கொடுக்கவில்லை. நாடாவால் கட்டி அலமாரியில் வைத்துவிடுவேன்.

கீழக்கரைக் கடையைப் பற்றிச் சொன்னது என் கடைக்கு இன்சுலின் வாங்க வரும் ஒரு பெரியவர். அவர் வீட்டுக் கிதாபுகளையெல்லாம் (அரபு, மார்க்கப் புத்தகங்கள்) அங்கேதான் கொடுப்பதாகச் சொன்னார். மண்டபத்திலிருந்து ராமநாதபுரம் போய், பஸ் மாறி, கீழக்கரை. காத்திருப்பையும் சேர்த்தால் இரண்டு மணி நேரம் ஆகிவிடும். பழைய ஜும்மா பள்ளி இருக்கும் பக்கம் போய், யாரிடமாவது கிதாபு பைண்டிங் என்று கேளுங்கள், காட்டுவார்கள். பெயர்ப்பலகை கிடையாது. பெயரைப் போட வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டதால் நானும் போடவில்லை. நான் அவரை பாய் என்றுதான் கூப்பிடுகிறேன். வயது அறுபத்தைந்துக்கு மேல் இருக்கும்.

கடை என்று சொன்னாலும் அது வீட்டின் முன்கூடம்தான். ஒரு பக்கம் பள்ளிக்கூட வருகைப் பதிவேடுகளும் மீன் கம்பெனிக் கணக்குப் பேரேடுகளும் அடுக்கியிருக்கும். சோறு போடும் வேலை அது. இன்னொரு பக்கம் தரையில் பாய் விரித்து, ஒரு சலவைக்கல் பலகை, தைக்கும் சட்டம், மரத்தில் திருகாணி வைத்த பழைய அழுத்துப் பொறி. ஜன்னல் கடலுக்கு எதிர்ப்பக்கம் இருக்கிறது. கடல் பார்த்த ஜன்னலை வேண்டுமென்றே செங்கல் வைத்து அடைத்திருக்கிறார் என்று பிறகுதான் தெரிந்தது.

முதல் தடவை மூன்று புத்தகம் கொண்டுபோனேன். டேவிட் ஹியூமின் கட்டுரைத் தொகுப்பில் இரண்டாம் தொகுதி, 1777-இல் லண்டனில் அச்சானது, முழுக் கன்றுத்தோல். ஜான் ஸ்டூவர்ட் மில்லின் தருக்க நூல், 1800களின் கடைசியில் ஒரு கல்லூரியில் பரிசாகக் கொடுத்தது, முதுகில் பொன் பூ வேலை. தாயுமானவர் பாடல்கள், அரைத்தோல் கட்டு, தையல் முழுக்க விட்டுப்போனது.

பாய் எதையும் உடனே திறக்கவில்லை. ஹியூமைக் கையில் எடுத்து மூக்கருகே கொண்டுபோனார்.

“தேங்கா எண்ண போட்டீங்களாம்மா?”

போட்டிருந்தேன். தோல் காய்ந்துவிட்டதே என்று பின்னட்டையில் நான்கைந்து வருடத்துக்கு முன்னால் தடவியிருந்தேன். அந்த இடம் கறுத்து, பூஞ்சை ஒருமுறை வந்து போன வெளுப்பும் இருந்தது. “இனிமே எதையும் போடாதீங்க. செருப்புக்குத்தான் எண்ண. இது கால்ல போட்டு நடக்குற தோலு இல்ல, சும்மா இருக்குற தோலு” என்றார். பழைய நூல்களில் எண்ணெயும் கம்பளிக் கொழுப்பும் தடவச் சொல்லியிருப்பார்கள். இப்போது நூலகங்களில் பெரும்பாலும் அதை நிறுத்திவிட்டார்கள், இவர் சொல்லும் அதே காரணங்களுக்காக: கறை, பிசுபிசுப்பு, தூசி, பூஞ்சை. இவர் அதை எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. எண்ணெய் தடவிய கிதாபுகளைப் பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டிருக்கிறார்.

அப்புறம் ஹியூமைத் திறந்தார். முன்னட்டை தனியே வந்துவிட்டது. முதல் சில தாள்கள் ஒரு நூல் பிடிப்பில் தொங்கின. அதில் ஒரு தாளைக் காட்டி, எது போனாலும் இது போகக் கூடாது என்று சொன்னேன். “என்ன அப்புடி?” என்று கேட்டார், சொன்னேன். ஹியூம் இருபதுகளில் மூன்று தொகுதியாக ஒரு பெரிய நூல் எழுதி 1739, 1740-இல் வெளியிட்டார். அது போணியாகவில்லை. பிறகு அதே கருத்துகளைச் சுருக்கித் திருத்தி எழுதினார். 1776 ஆகஸ்டில் இறந்துபோனார். அடுத்த வருடம் வந்த இந்தப் பதிப்பில், இரண்டாம் தொகுதியின் தொடக்கத்தில் ஒரு சிறு அறிவிப்பு இருக்கிறது. அந்த இளவயது நூலை விட்டுவிடுங்கள், இந்தத் தொகுதியில் இருப்பதை மட்டும் என் தத்துவக் கருத்தாகக் கொள்ளுங்கள் என்ற பொருளில் அவரே எழுதிவைத்துவிட்டுப் போனது. இன்று உலகம் அவர் விடச் சொன்ன நூலைத்தான் அதிகம் படிக்கிறது. அந்த வேண்டுகோள் அச்சான தாள் இது. ஒற்றைத் தொகுதி என்பதால்தான் எனக்கு 6,500 ரூபாய்க்குக் கிடைத்தது. இரண்டும் சேர்ந்திருந்தால் என்னால் தொட்டிருக்க முடியாது.

பாய் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “வஸீயத்து மாதிரி” என்றார். மரண சாசனம். அந்தத் தாளை மட்டும் தனியே ஒரு வெள்ளைத்தாளுக்குள் வைத்து, அதன் மேல் என் பெயரையும் தேதியையும் எழுதினார். இந்தக் கடையை நம்பலாம் என்று எனக்குத் தோன்றியது அப்போதுதான்.

ஹியூமுக்கு அவர் செய்த வேலையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் எங்கே கொடுத்தாலும் இதைத்தான் கேட்டு வாங்க வேண்டும். பழைய முதுகுத் தோலை மெல்லிய கத்தியால் ஒரே துண்டாக உரித்து எடுத்தார். உள்ளே பழைய பசையை மாவுப்பசை தடவி ஊறவைத்து, எலும்புக் கோலால் வழித்தார். தையல் நன்றாக இருந்ததால் அதைத் தொடவில்லை. புதிய ஆட்டுத்தோல் ஒரு பட்டை எடுத்து, சலவைக்கல்லில் வைத்து ஓரங்களை வெங்காயச் சருகு மாதிரி மெலிதாகச் சீவினார். அதை முதுகில் ஒட்டி, இரண்டு அட்டைகளிலும் பழைய தோலின் விளிம்பை லேசாகத் தூக்கி அதற்கடியில் செருகினார். கடைசியில், உரித்து வைத்த பழைய முதுகை அதன் மேலேயே ஒட்டினார். இப்போது பார்த்தால் 1777-இன் முதுகுதான் தெரியும். கீலில் ஒரு நூல் அகலத்துக்குப் புதுத்தோல் தெரிகிறது. அதற்கு அவர் சாயம் போட்டு மறைக்கவில்லை, கொஞ்சம் நிறம் ஒத்துப்போகிற தோலாக எடுத்ததோடு சரி. “ரிப்பேர் பண்ணது தெரியணும்மா. தெரியாம பண்ணினா அடுத்து வாங்குறவரு ஏமாந்து போவாரு.”

பசையைப் பற்றியும் சொல்ல வேண்டும். பேரேடுகளுக்கு எல்லாரையும் போல மைதாப் பசையில் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) கலந்துதான் காய்ச்சுகிறார், பூச்சி வராமல் இருக்க. பழைய புத்தகத்துக்கு அது கிடையாது. செம்பு தாளுக்குக் கெடுதல் என்று நான் சொல்ல வாயெடுப்பதற்குள், துத்தம் போட்ட இடத்தில் காகிதம் பழுத்துவிடும் என்று அவரே சொன்னார். கோதுமை அல்வாவுக்குப் பால் எடுப்பது போல, ஊறிய கோதுமையைப் பிழிந்து வடிகட்டி, தெளியவைத்து, அடியில் தங்கிய மாவுச்சத்தை மட்டும் எடுத்துக் காய்ச்சுகிறார். பெரிய நூலகங்களில் பழுதுபார்ப்பவர்கள் பயன்படுத்துவதும் இதே கோதுமை மாவுச்சத்துப் பசைதான். பிறகு யாராவது பிரிக்க வேண்டுமென்றால் தண்ணீர் பட்டால் விட்டுக்கொடுக்கும். மரவேலைக்குப் போடும் வெள்ளைப் பசை அப்படி விடாது, தாளையும் கூடப் பிய்த்துக்கொண்டுதான் வரும்.

மில் புத்தகத்தை அவர் மடியில் வைத்ததும் வேட்டியெல்லாம் செந்தூள் கொட்டியது. ஹியூமைவிட நூறு வருடம் இளைய புத்தகம், ஆனால் அதன் தோல்தான் பொடியாகிறது. இது எனக்கு வெகுகாலமாகப் புரியாமல் இருந்தது. பழையது கெட்டியாக இருக்க, புதியது ஏன் உதிர்கிறது? இதே கேள்வி நூலகங்களிலும் எழுந்து, லண்டனில் சொசைட்டி ஆஃப் ஆர்ட்ஸ் ஒரு குழு அமைத்து ஆராய்ந்து 1901-இல் அறிக்கை வெளியிட்டது. 1800களின் பிற்பாதியில் தோல் பதனிடும் முறை அவசரமானதும், சாயம் பிடிக்கக் கந்தக அமிலம் சேர்த்ததும், நூலகங்களில் எரிந்த வாயு விளக்குப் புகையும் காரணம் என்றார்கள். எந்தத் துவர்ப்பில் தோல் ஊறியது என்பதையும் பார்த்தார்கள். சுமாக் இலை போன்றவற்றில் ஊறிய தோல் நின்றது. அவர்கள் மிக மோசம் என்று ஒதுக்கியது கிழக்கிந்தியத் தோல் என்று அங்கே விற்ற ஆட்டுத்தோலும் செம்மறித் தோலும். சில கட்டுகளில் ஓராண்டுக்குள்ளேயே சிதைவு தெரிந்ததாக எழுதியிருக்கிறார்கள். அந்தத் தோல் போனது நம் பக்கத்திலிருந்துதான். அதை ஊறவைத்தது ஆவாரம் பட்டை.

ஆவாரம் பட்டையில் பதனிட்ட தோல் புதிதாக இருக்கும்போது அருமையாக இருக்கும், மிருதுவும் உண்டு, உறுதியும் உண்டு. செருப்புக்கும் பைக்கும் குறை சொல்ல முடியாது. ஆனால் அதன் துவர்ப்பு காற்றில் இருக்கும் அமிலத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் வகை. கடுக்காயின் துவர்ப்பு வேறு வகை, புத்தகத்துக்கு அதுதான் நல்லது. மருந்துக்கடைக்காரியான எனக்குக் கடுக்காய் தெரியும், ஆவாரை தெரியும், இரண்டுக்கும் வேதியியல் வேறுபாடும் பாடத்தில் படித்தது. புத்தக அட்டையில் அது இப்படி வந்து நிற்கும் என்று நினைத்ததில்லை. பாயிடம் கேட்டால், திண்டுக்கல் பக்கத்திலிருந்து தோல் வரவழைக்கும்போது கடுக்காயில் ஊறிய ஆட்டுத்தோல்தான் வேண்டும் என்று சொல்லித்தான் வாங்குவதாகச் சொன்னார். அவருடைய வாப்பா காலத்துப் பழக்கமாம்.

மில்லைப் பார்த்துவிட்டு, “இது தோல் செத்துப் போச்சும்மா. உயிர் குடுக்க முடியாது. இதுல கத்தி வச்சா மொத்தமா தூளாயிரும். வேற தோல் போட்டுத் தரவான்னு கேட்டா, தரலாம். ஆனா அந்தப் பூ வேலையெல்லாம் போயிரும்” என்றார். வேலையை மறுத்தார் என்றே சொல்ல வேண்டும். 2,000 ரூபாய் வேலையைச் செய்யாமல் விட்டுவிட, அவருக்குத் தோல் மேல் இருந்த அக்கறையைத் தவிர வேறு காரணம் இல்லை.

அங்கேதான் என் தொழில் கைகொடுத்தது. மாத்திரை செய்யும்போது பொடி உதிராமல் பிடித்து வைக்கச் சேர்க்கும் பொருள்களில் ஒன்று ஹைட்ராக்சிபுரொப்பைல் செல்லுலோஸ். இதையே ஆல்கஹாலில் மெலிதாகக் கரைத்து உதிரும் தோலில் தடவுவது நூலகங்களில் வழக்கம். தண்ணீர் பட்டால் செத்த தோல் கறுத்துச் சுருங்கும், ஆல்கஹாலில் அந்த ஆபத்து குறைவு. அடுத்த தடவை 100 மில்லி ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் 2 கிராம் போட்டு, ஒரு இரவு கரையவிட்டுக் கொண்டுபோனேன். பாய் அதை உடனே என் புத்தகத்தில் தடவவில்லை. அவரிடம் கிடந்த ஒரு பழைய தோல் துண்டில் தடவி, தேதி எழுதி, ஜன்னலோரம் ஒரு மாதம் வைத்திருந்தார். அது கறுக்கவில்லை, பிசுபிசுக்கவில்லை, தேய்த்தால் கையில் தூள் ஒட்டவில்லை. அதற்குப் பிறகுதான் மில்லுக்குத் தடவினார், மென்மையான தூரிகையால், இரண்டு கை, நடுவில் ஒரு நாள் இடைவெளி விட்டு. தோல் உயிர் பெறவில்லை, உதிர்வது நின்றது. அவ்வளவுதான் எதிர்பார்க்க முடியும்.

மில்லுக்கு அவராகவே யோசித்துச் செய்து கொடுத்த உறைதான் எனக்கு இந்தக் கடையில் மிகப் பிடித்த வேலை. அரபுக் கிதாபுக் கட்டில் பின்னட்டையிலிருந்து ஒரு மடல் நீண்டு, தாள்களின் திறந்த ஓரத்தை மூடி, முன்னட்டைக்கு அடியில் செருகிக்கொள்ளும். புத்தகம் மூடியிருக்கும்போது தூசியும் காற்றும் ஓரம் வழியாக உள்ளே போகாது. கீழக்கரையில் அரபுத்தமிழ் நூல்களும் (அரபு எழுத்தில் எழுதிய தமிழ்) மார்க்க நூல்களும் இப்படிக் கட்டி வீட்டுக்கு வீடு இருந்தன. பாய் சிறுவயதில் முதலில் கற்றதே இந்த மடல் வைக்கும் வேலையைத்தானாம். அதே அமைப்பில் காலிகோத் துணியால், உள்ளே வெள்ளைப் பருத்தி வைத்து, மில்லின் அளவுக்கு ஒரு உறை தைத்துக் கொடுத்தார். பசை இல்லை, நாடா கட்டி மூடுவது. உப்புக் காற்று நேரே தோலில் படாது. பெட்டியைவிட இது நல்லது, ஈரம் உள்ளேயே அடைபட்டு நிற்காது. இப்போது என் அலமாரியில் 9 புத்தகங்களுக்கு இந்த மடல் உறை இருக்கிறது. ஒன்றுக்கு 350 ரூபாய்.

மூன்றாவது தாயுமானவர். அன்றைக்கு பஸ் மாறியது அவர் அடங்கிய ராமநாதபுரத்தில்தான். லட்சுமிபுரத்தில் அவர் சமாதி இருக்கிறது. போகும்போது ஒரு நடை இறங்கிப் பார்த்துவிட்டுத்தான் அந்தப் புத்தகத்தைக் கொண்டுபோனேன். இதற்குத் தையல் முழுக்கப் பிரித்துப் புதிதாகத் தைக்க வேண்டியிருந்தது. பாரம் பாரமாக (மடித்து ஒன்றாகத் தைக்கும் தாள்களின் தொகுப்பு) பிரித்து, மடிப்பு கிழிந்த தாள்களுக்கு மெல்லிய காகிதப் பட்டை ஒட்டி, ஒவ்வொரு பாரமாகச் சட்டத்தில் வைத்துத் தைப்பது. அச்சகங்களில் இதை ஜுஸ் பைண்டிங் என்போம், அதில் வரும் ஜுஸ் என்ன என்று நான் யோசித்ததே இல்லை. குர்ஆனை ஓதுவதற்காக முப்பது ஜுஸ்வாகப் பிரித்திருக்கிறார்களே, அதே அரபுச் சொல், பகுதி என்று அர்த்தம் என்று பாய் சொன்னார். தாயுமானவரை ஜுஸ் ஜுஸாகத் தைத்துக்கொண்டே, தொண்டிப் பக்கத்துக் குணங்குடி மஸ்தான் சாகிபின் பாடல்களில் ஒன்றிரண்டை முணுமுணுத்தார். இரண்டு பேரும் ஒரே பொருளை, பராபரத்தைத்தான் கூப்பிடுகிறார்கள். இந்தக் கரையில் அது ஒன்றும் ஆச்சரியமில்லை.

ஆனால் இந்தப் புத்தகத்தில்தான் தவறும் நடந்தது. வீட்டுக்கு வந்து பார்த்தால் நடுவில் ஒரு பாரம் இடம் மாறித் தைத்திருந்தது. 16 பக்கம் முன்னுக்குப் பின். பக்க எண் தமிழ் எண்ணில் இருந்ததால், உதவிக்கு இருக்கும் அவர் தங்கை மகன் அடுக்கும்போது குழம்பிவிட்டான். எனக்கு வருத்தம்தான், பழைய தாளை இரண்டாம் முறை ஊசி குத்துவது அதற்கு நல்லதில்லை. பாய் மறுபேச்சுப் பேசாமல் வாங்கி, பழைய துளைகளிலேயே ஊசியை விட்டு மறுபடி தைத்துக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. நீங்கள் தமிழ் எண் போட்ட புத்தகம் கொடுத்தால், பிரிப்பதற்கு முன் பாரங்களின் வரிசையைச் சாதாரண எண்ணில் ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

சேர்க்கத் தொடங்குபவர்களுக்கு இந்தக் கடையால் இன்னொரு பயன் உண்டு. வாங்குவதற்கு முன் புத்தகத்தின் படத்தைக் காட்டிக் கேட்கலாம், பெரும்பாலும் நேரில் பார்க்காமல் சொல்ல மாட்டார், ஆனால் நேரில் கொண்டுபோனால் ஒரு பூதக்கண்ணாடியைக் கையில் கொடுத்து நம்மையே பார்க்கச் சொல்வார். தோலில் மயிர்க்கால் தெரியும். கன்றுத்தோலில் நுண்ணியதாக, சீராகப் பரவியிருக்கும். வெள்ளாட்டுத் தோலில் வரிசை வரிசையாக, பெரிதும் சிறிதுமாக நிற்கும். பன்றித்தோலில் மூன்று மூன்றாக. செம்மறித் தோல் நகத்தால் தொட்டாலே மேல்தோல் தனியாக உரியும், அதை மலிவுக்கு மட்டுமே போட்டிருப்பார்கள். ரெக்சினிலும் செயற்கைத் தோலிலும் ஒரே அச்சு திரும்பத் திரும்ப வரும். பழைய தோல் கட்டு என்று எனக்கு விற்ற ஒரு புத்தகம் இந்தச் சோதனையில் தோலே இல்லை என்று தெரிந்தது. அதை அலமாரியின் கீழ்த்தட்டுக்கு மாற்றிவிட்டேன். உள்ளே இருக்கும் எழுத்து நல்ல எழுத்துதான்.

பூச்சியைப் பற்றிச் சுருக்கமாக: இராமபாணப்பூச்சி போட்ட துளைகளை அவர் அடைப்பதில்லை, எழுத்து போயிருந்தால் மட்டும் பின்னால் மெல்லிய தாள் ஒட்டுவார். அலமாரியில் வசம்புத் துண்டு ஒரு துணியில் முடிந்து வைக்கச் சொன்னார். வைத்திருக்கிறேன். கூடவே சிலிக்கா ஜெல்லும் வைத்து, நிறம் மாறினதும் வறுத்து எடுத்துக்கொள்கிறேன். நாப்தலின் உருண்டை வேண்டவே வேண்டாம்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். முதலாவது, காலதாமதம். இரண்டு மாதம் என்றார், ஐந்து மாதம் ஆயிற்று. பள்ளிக்கூடம் திறக்கும் சமயத்தில் பதிவேட்டு வேலை குவிந்துவிடும், அப்போது பழைய புத்தகத்தைத் தொடவே மாட்டார். ரசீது கிடையாது, நான் ஒரு நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டேன், அதற்கு அவர் முகம் சுளிக்கவில்லை. போனில் விலை சொல்ல மாட்டார். பொன் எழுத்து வேலையை இவரிடம் கொடுக்காதீர்கள். ஒரு புத்தகத்துக்கு முதுகில் பெயர் போடச் சொன்னேன், ஆங்கில எழுத்துகள் ஒன்று மேலே ஒன்று கீழே நிற்கின்றன, பொன் தாளும் திட்டுத்திட்டாகப் பிடித்திருக்கிறது. அழகாக ஒரு தாளில் பெயர் எழுதி உறையில் ஒட்டிக்கொள்வது மேல். அட்டைப்பெட்டி ஒன்றும் செய்து வாங்கினேன். சித்திரையில் சரியாக இருந்த மூடி ஐப்பசியில் உப்பி இறுகிக்கொண்டது, புத்தகத்தை வெளியே எடுக்கப் பெட்டியின் ஓரத்தைக் கிழிக்க வேண்டியதாயிற்று. அதனால்தான் மடல் உறையை அவ்வளவு சொன்னேன்.

நான் கொடுத்த விலை: ஹியூம் முதுகு வேலைக்கு 2,200 ரூபாய். தாயுமானவர் முழுத் தையலும் முதுகும் 1,600. மில்லுக்கு, மருந்து என்னுடையது என்பதால், உறையோடு சேர்த்து 600. எல்லாம் ரொக்கம். இதே வேலையைச் சென்னையில் கேட்டபோது சொன்ன தொகை ஹியூமை நான் வாங்கிய விலையையே தாண்டியது.

போகிறவர்கள் வெள்ளிக்கிழமை போக வேண்டாம், நோன்பு மாதத்தில் காலையிலேயே போய்விடுங்கள். புத்தகத்தைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொண்டுபோகாதீர்கள், பஸ் சூட்டில் உள்ளே வேர்த்துவிடும். பழைய பருத்தி வேட்டியில் சுற்றினால் போதும். கழன்ற துண்டுகள், நூல், உதிர்ந்த தோல் சில்லு எதையும் தூக்கிப்போடாமல் ஒரு உறையில் போட்டுக் கூடவே கொடுங்கள், அவர் முதலில் கேட்பதே அதைத்தான். திரும்பும்போது தொதல் இனிப்பு வாங்குவதாக இருந்தால் அதை வேறு பையில் வையுங்கள். நெய்யும் தேங்காய்ப்பாலும் கசிந்து என் நோட்டு ஒன்று வீணாயிற்று. நல்லவேளை, அது நோட்டுதான்.

என்னிடம் அடுத்து இருப்பது கைவல்ய நவநீதம், சின்ன அளவு, முழுத்தோல், மேல் கட்டு மட்டும் விட்டிருக்கிறது. போன வாரம் கொண்டுபோனேன். பாய் அதைத் திறந்து, மூடி, கீலில் விரலை வைத்துப் பார்த்துவிட்டு என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார். மழைக்காலத்தில் பசை காயாதாம். “தை பொறந்ததும் கொண்டு வாங்கம்மா. பிரிக்க வேண்டாம்னுதான் தோணுது. வெயில் வெளிச்சத்துல ஒரு தடவ பாத்துட்டுச் சொல்றேன்” என்றார். நாடா கட்டி, வேட்டித் துணியில் சுற்றி, மேல்தட்டில் வைத்திருக்கிறேன்.